போலி மிளகும் நிஜ ராடாரும்

காலை 8 மணி. தெருவில் மூன்று வீடுகளில் குக்கர் விசில் அடிக்கிறது. முதல் விசிலுக்கு அம்மா அசையவில்லை. இரண்டாவது விசிலுக்கும் அசையவில்லை. மூன்றாவது விசில் கேட்டதும் எழுந்து சமையல் அறைக்கு ஓடுகிறாள். அதுதான் அவள் வீட்டு குக்கர்!

"எப்படி அம்மா கண்டுபிடித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "இது தெரியாதா?" என்பாள். அதற்கு மேல் சொல்லத் தெரியாது. ஆனால் காது தவறுவதே இல்லை. மிக்சி ஓடினாலும், தெருவில் லாரி போனாலும், டெலிவிஷன் அலறினாலும், அந்த இரைச்சலுக்கு நடுவே தன் வீட்டு விசிலை அவள் தனியே பிரித்து எடுத்துவிடுகிறாள்.

இதே வேலையைத்தான் இன்று விஞ்ஞானிகள் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுக்கப் பாடுபடுகிறார்கள். விசிலுக்குப் பதில் அங்கே ரேடியோ அலைகள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மைச் சுற்றியுள்ள ஆகாயம் காலியாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது தவறு. திருவிழாக் கூட்டம் போல அங்கே அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. வானொலி நிலையத்தின் அலை, செல்போன் அலை, வீட்டு வைஃபை அலை, கார் சாவியை அழுத்தினால் புறப்படும் அலை, விமான நிலைய ராடார் அலை. இத்தனைக்கும் நடுவே, "இது இன்ன அலை" என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

காதால் கேட்ட பெண்கள்

முன்பு இந்த வேலையை மனிதர்களே செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். பிரிட்டனில் எதிரியின் ரேடியோவை ஒட்டுக்கேட்கப் பல நிலையங்கள் இருந்தன. "ஒய்" நிலையங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அங்கே வேலை பார்த்தவர்களில் ஏராளமானோர் இளம் பெண்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஜெர்மானியர் அனுப்பிய "கட்டு, கடா" தந்தி ஒலிகளை மணிக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். எழுதிய தாள்கள் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்துக்குப் போயின. ரகசியச் சொற்களை உடைக்கும் நிபுணர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

அந்தப் பெண்களிடம் ஓர் அபூர்வத் திறமை இருந்தது. செய்தியின் பொருள் அவர்களுக்குப் புரியாது. ஆனால் அனுப்புகிறவன் யார் என்று தெரிந்துவிடும்! ஒருவன் நீண்ட ஒலியை இழுத்து அடிப்பான். இன்னொருவன் அவசரக்காரன். கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறுவது போல, தந்தி அடிக்கும் கையும் மாறும். நேற்று ஓர் ஊரிலிருந்து ஒலித்த கை இன்று வேறோர் ஊரிலிருந்து ஒலித்தால், அந்தப் படைப்பிரிவே இடம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்று இருக்கும் அலைகளின் எண்ணிக்கைக்கு அத்தனை காதுகளுக்கு எங்கே போவது? அதனால்தான் எந்திர மூளையிடம் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

கடற்கரையில் ஒரு காவல்

இது யாருக்கு அவசியம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

ரேடியோ அலைகளில் 3,550 மெகாஹெர்ட்ஸ் முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பகுதி உண்டு. அமெரிக்கக் கடற்படையின் ராடார்கள் அதில் வேலை செய்தன. செல்போன், இன்டர்நெட் கம்பெனிகளுக்கும் அந்த இடத்தின் மேல் ஆசை. கப்பல்கள் எப்போதும் எல்லாக் கரையிலும் நிற்பதில்லையே! மீதி நேரம் அந்த இடம் சும்மா கிடக்கிறதே!

2015-ல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்புக் கமிஷன் ஒரு தீர்ப்புச் சொன்னது. இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் கடற்படைக்குத்தான் முதல் உரிமை. கப்பல் வந்து ராடாரைப் போட்டால், மற்றவர்கள் அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும். 2019 செப்டம்பரில் வியாபார முறையில் இந்த ஏற்பாடு தொடங்கியது.

கப்பல் வந்துவிட்டது என்று யார் சொல்வது? கடற்படை முன்கூட்டித் தந்தி அடிக்காது. எனவே கடற்கரை நெடுகிலும் அலை உணரும் கருவிகளை நிறுத்தி வைத்தார்கள். ராடார் அலை வந்தால் 60 விநாடிக்குள் கருவி கண்டுபிடிக்க வேண்டும். 100 தடவைக்கு 99 தடவை சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். கருவி "வந்துவிட்டது" என்று சொன்னதிலிருந்து 300 விநாடிக்குள் மற்றவர்கள் அந்த அலைவரிசையிலிருந்து வெளியேற்றப்பட வேண்டும்.

கருவி ஏமாந்தால் என்ன ஆகும்? விமானம் தாங்கிக் கப்பலில் இருக்கும் ராடாரை நினைத்துக்கொள்ளுங்கள். கடலின் நடுவே திரும்பி வரும் விமானங்களுக்கு வழி காட்டும் ராடார் அது. அதன் திரையில் யாரோ ஒருவருடைய இன்டர்நெட் இரைச்சல் புகுந்தால், ஆபத்து விமானிக்கு.

சரி, கருவி எதற்கெடுத்தாலும் "ராடார், ராடார்" என்று கூவினால்? புலி வருகிறது கதைதான். கப்பலே இல்லாத கரையில் ஜனங்களின் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் தவறக் கூடாத வேலை இது.

2019-ல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சான் டியாகோ, விர்ஜினியா பீச் ஆகிய கடற்படை ஊர்களின் அருகே 2016-ல் அலைகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 14,000-க்கு மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொன்றும் ஒரு படம். படத்தில் ஒரு பக்கம் நேரம். மறு பக்கம் அலைவரிசை. அலை எவ்வளவு பலமோ அதற்கேற்ப நிறம். ஓசையைக் கண்ணால் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13 முறைகளைப் போட்டிக்கு விட்டார்கள். அலையின் பலத்தை மட்டும் அளக்கும் பழைய முறைகளும் அதில் உண்டு. படங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் எந்திர மூளைகளும் உண்டு. கற்றுக்கொள்ளும் மூளைகளே வென்றன. அவற்றுள்ளும் மூன்றே அடுக்குகள் கொண்ட ஒரு சிறிய மூளை, குறைந்த கணக்கில் நல்ல பலன் கொடுத்தது. பெரிய மூளைதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்!

மாதிரிக்குப் பஞ்சம்

ஆனால் எந்திர மூளைக்கு ஒரு குறை உண்டு. நம் குழந்தைக்கு ஒரு முறை யானையைக் காட்டினால் போதும். அடுத்த கோயிலில் பார்த்ததும் "யானை" என்று கைதட்டும். எந்திர மூளைக்கு ஆயிரம் யானை காட்ட வேண்டும். நின்ற யானை, படுத்த யானை, மழையில் நனைந்த யானை எல்லாம் காட்ட வேண்டும்.

ராடாருக்கு அப்படி ஆயிரம் மாதிரிக்கு எங்கே போவது? கப்பல் வரும்போதுதான் வரும். எந்த ராணுவமும் தன் ராடாரின் குணங்களை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காது. பதிவு செய்ய ஆள் வேண்டும், கருவி வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு படத்தையும் பார்த்து, "இதில் ராடார் உண்டு, இதில் இல்லை" என்று சீட்டு ஒட்ட வேண்டும்.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி பிறந்தது. கிடைக்காத மாதிரியை நாமே செய்துகொண்டால் என்ன?

பப்பாளி விதைக்காரர்

2014-ல் கனடா நாட்டு மான்ட்ரீல் நகரில் இயன் குட்ஃபெலோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் யுக்தியை வெளியிட்டார்கள். ஒரு மூளைக்குப் பதில் இரண்டு மூளைகளை மோதவிடும் யுக்தி அது. நம் ஊர் மிளகை வைத்தே அதைச் சொல்லிவிடலாம்.

மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய மோசடி. நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஒரு மளிகைக் கடையில் வாங்கிய கால் கிலோவைத் தண்ணீரில் போட்டதும் பாதி மிதந்தது.

இப்போது கற்பனை செய்யுங்கள். ஒருவர் போலி மிளகு செய்கிறார். எதிரே ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். நிஜ மிளகையும் போலி மிளகையும் மாற்றி மாற்றி அவள் முன் வைக்கிறார்கள். "இது நிஜம், இது போலி" என்று அவள் பிரிக்கிறாள். எதில் பிடிபட்டோம் என்பது போலிக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த முறை விதையை உருட்டி வைக்கிறார். பாட்டி சுருக்கத்தைப் பார்த்துப் பிடிக்கிறாள். அதற்கடுத்த முறை சுருக்கமும் வைக்கிறார். பாட்டி முகர்ந்து பார்த்துப் பிடிக்கிறாள். இப்படி லட்சம் முறை நடக்கிறது. போலிக்காரர் தேறுகிறார். பாட்டியும் தேறுகிறாள். கடைசியில் பாட்டியே திணறும் அளவுக்கு அசல் போன்ற போலி வந்து நிற்கிறது.

இரண்டு மூளைகளும் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கின்றன. யாருடைய ரசமும் கெடவில்லை. இதே முறையில் ரேடியோ அலைகளையும் செய்யலாம். செய்த அலைகளை நிஜ அலைகளோடு சேர்த்து, இனம் பிரிக்கும் மூளைக்குப் பாடமாகக் கொடுக்கலாம்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2018-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருவர், ஓர் அலைவரிசை காலியா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வேலையில் இதைப் பயன்படுத்தினார்கள். நிஜ மாதிரி குறைவாக இருந்த இடத்தில், செய்த மாதிரிகள் நன்றாகவே கைகொடுத்தன. சூழ்நிலை மாறியபோதும் அந்த உதவி நீடித்தது. அதே 2018-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் பல வகை டிஜிட்டல் அலைகளை இனம் பிரிக்க இந்த முறையைச் சோதித்தார்கள். சரியாகச் சொல்லும் விகிதம் 0.1 முதல் 6 சதவிகிதம் வரை கூடியது.

இந்தக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள். ஓர் இடத்தில் 6 சதவிகிதம். இன்னோர் இடத்தில் ஒரு சதவிகிதத்தில் பத்தில் ஒரு பங்கு! 6 சதவிகிதம் நல்ல லாபம், மறுக்கவில்லை. ஆனால் "இனி நிஜப் பதிவே தேவையில்லை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும்" என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடம் எங்கே இருக்கிறது?

வால்மிளகு வரவே இல்லையே!

என் சந்தேகம் இதுதான். பாட்டியின் முன் வைத்த நிஜ மிளகு மூட்டையில் வால்மிளகு ஒன்று கூட இல்லை என்று வையுங்கள். பாட்டி அதைப் பார்த்ததே இல்லை. போலிக்காரரும் அதைச் செய்யப் போவதில்லை. அவர் கோடி மிளகு செய்தாலும் அதில் ஒன்று கூட வால்மிளகாக இருக்காது. எண்ணிக்கை பெருகும். இருக்கும் சரக்கே திரும்பத் திரும்ப வரும். பிறகு ஒரு நாள் நிஜமான வால்மிளகு கடைக்கு வந்தால், அந்தப் பாட்டியிடம் படித்த பேத்தி என்ன சொல்வாள்?

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. முன்பு சொன்ன அதே அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தார், 2023-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில் இந்த இரட்டை மூளைகளையே பரீட்சைக்கு உட்கார வைத்தார்கள். பல வகை இரைச்சல்களைக் கொடுத்து, "இதைப் போலச் செய்" என்றார்கள். பெரும்பாலான இரைச்சல்களை மூளை நன்றாகவே பழகிக்கொண்டது. ஆனால் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று "படார்" என்று வெடிக்கும் இரைச்சலில் தடுமாறியது. வானத்தில் மின்னல் வெட்டினால் வானொலியில் கேட்கிறதே, "கர்ர்... படக்!" அந்த ஜாதி. நிஜ ஆகாயத்தில் அதற்கா பஞ்சம்?

இன்னொரு சங்கதியும் உண்டு. 2016-ல் டிம் ஓஷீ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய நண்பர்களும் 11 வகை ரேடியோ அலைகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். 2,20,000 மாதிரிகள். அத்தனையும் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுச் செய்தவை. வழிகாட்டியான நல்ல வேலை அது. உலகமெங்கும் மாணவர்கள் அதை வைத்துப் படித்தார்கள். ஆனால் நாளடைவில் என்ன ஆயிற்று? "நான் 2 மார்க் அதிகம், நீ 1 மார்க் குறைவு" என்று ஒரே கேள்வித் தாளின் மேல் ஓயாத போட்டி. பழைய கேள்வித் தாளை மனப்பாடம் செய்த பையன் வகுப்பில் முதல்வன்தான். சைக்கிள் கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுத்தால் எண்ணத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

இந்தக் குறை ஓஷீக்கே தெரிந்திருந்தது. 2018-ல் அவரும் வேறு இருவரும் 24 வகை அலைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ரேடியோவிலிருந்து அனுப்பி, இன்னொரு ரேடியோவில் பிடித்து, நிஜக் காற்றில் போன அலைகளைச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் அலைகளை மட்டும் படித்த மூளையிடம் இந்த நிஜ அலைகளைக் காட்டியபோது அதன் மதிப்பெண் இறங்கியது. நிஜ அலைகளைக் கொஞ்சம் காட்டி மறுபடி பழக்கியதும் மேலே ஏறியது. வீட்டுத் திண்ணையில் நீச்சல் பழகியவனைக் கிணற்றில் இறக்கினால் முதலில் தண்ணீர் குடிப்பான், பிறகு கற்றுக்கொள்வான் அல்லவா? அது மாதிரி.

திருடனுக்கும் அதே கத்தி

அசல் போன்ற போலி அலையைச் செய்யும் வித்தை நல்லவர்களிடம் மட்டும் தங்கிவிடுமா? 2019-ல் ஆராய்ச்சியாளர்கள் இதையும் சோதித்தார்கள். ரேடியோக் கருவி ஒவ்வொன்றுக்கும் தனிக் கைரேகை போல ஓர் அடையாளம் உண்டு. போரில் அந்தப் பெண்கள் கேட்டார்களே, அது போல. அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் சில காவல் மூளைகள், "இவர் நம் ஆள்" என்று உள்ளே விடுகின்றன. இரட்டை மூளை செய்த போலி அலையை அனுப்பினார்கள். பழைய பதிவைத் திருப்பிப் போட்டு ஏமாற்றும் முறையைவிட இது அதிகமாகக் காவலை ஏமாற்றியது!

இதற்காக இந்த வித்தையை மூட்டை கட்டிப் பரணில் போடச் சொல்லவில்லை. திருடன் செய்யும் போலியை நாமே முதலில் செய்து பார்த்தால்தான் காவலைப் பலப்படுத்த முடியும். பயிற்சிக்குப் போலி அலை நல்லது. எத்தனை லட்சம் வேண்டுமானாலும் செய்யட்டும். அப்பியாசம் பண்ணட்டும்.

பரீட்சை மட்டும் நிஜ அலையில் நடக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. "எங்கள் கருவி 100-க்கு 99 சரியாகச் சொல்கிறது" என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்தால், "எந்த அலையில்? நீங்களே செய்த அலையிலா, ஆகாயத்தில் பிடித்த அலையிலா?" என்று கேட்க வேண்டும். மாணவனே கேள்வித் தாள் தயாரித்து, மாணவனே திருத்தி, மாணவனே மார்க் போட்டுக்கொள்வதை எந்தப் பள்ளிக்கூடத்தில் அனுமதிக்கிறோம்?

"நிஜப் பதிவுக்குச் செலவு அதிகம்" என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். அவர் இந்தத் துறையில் படித்தவர். "கடற்கரையில் மாதக்கணக்கில் கருவியோடு உட்கார்ந்திருக்க முடியுமா? கம்ப்யூட்டர் ஒரே ராத்திரியில் லட்சம் மாதிரி தருமே!" என்றார்.

அவருக்கு நான் சொன்ன பதில் ஒரு கணக்கு. 2020-ல் அமெரிக்க அரசு இதே அலைப் பகுதியில் 70 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமச் சீட்டு ஏலம் விட்டது. வந்த தொகை 458 கோடி டாலர். 458 கோடி டாலருக்கு ஆகாயத்தை விற்க முடிந்தவர்களுக்கு, அந்த ஆகாயம் எப்படி இருக்கிறது என்று உட்கார்ந்து பதிவு செய்யக் காசு இல்லையா? ஏலத் தொகையில் ஒரு துளி போதுமே!

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பதிவு செய்து எல்லாரிடமும் கொடுத்துவிட்டால், மறுநாளே எல்லாரும் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்களே" என்றார்.

நியாயமான கேள்விதான். அதனால் பதிவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியைப் பொதுவில் வைக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும், அதைப் பார்த்துப் போலியும் செய்யட்டும். மறு பாதியைப் பொது நிறுவனம் ஒன்று பூட்டி வைக்க வேண்டும். கருவி செய்கிறவர் கண்ணில் பரீட்சை நாள் வரை அது படக் கூடாது. வெயில் நாளில் எடுத்தது, இடி மின்னல் நாளில் எடுத்தது, துறைமுகத்தில் கப்பல் நிறைந்த நாளில் எடுத்தது, ஒரு கப்பலும் இல்லாத நாளில் எடுத்தது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகப் பதிவு செய்து மாற்ற வேண்டும். ஏனென்றால் புதிய செல்போன், புதிய ராடார் என்று ஆகாயமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கருவிக்குக் கொடுக்கும் சான்றிதழில், எத்தனை மணி நேர நிஜப் பதிவில் சோதித்தார்கள், எத்தனை ராடாரைத் தவறவிட்டது, எத்தனை முறை வீணாகக் கூவியது என்ற மூன்று எண்களையும் அச்சடிக்க வேண்டும்.